வாசிப்பை நிறுத்திவிட்டு நாவல் எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்களை ஆங்கிலத்தில் விழுந்து விழுந்து வாசிப்பவள். தமிழில் அப்படி ஒன்றை எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. பார்த்து எழுதத் தமிழில் முன்மாதிரி இல்லை. போன நவம்பரில், 30 நாளில் 50,000 சொல் எழுதும் சவாலில் இறங்கி, 11ஆம் நாள் 9,000 சொல்லில் நின்றுவிட்டேன். தோல்விதான். வாசித்தால் எழுத நேரமில்லை. எழுத உட்கார்ந்தால் வாசிப்பு போய்விடுகிறது. கொஞ்ச நாளைக்கு வாசிப்பை நிறுத்திவிடலாமா? எழுத எழுத மகளிடம் காட்டிக்கொண்டே போகலாமா?

பதில்:

நிறுத்த வேண்டாம். மகளிடம் இப்போதைக்குக் காட்டவும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நான் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு 19 வருடம் தினமும் பஸ்ஸில் போய்வந்து வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் இளையோர் நாவல் ஒன்றை எழுதி முடித்தேன். முடிக்காமல் பரணில் போட்டவை இரண்டு. அதனால் நான் சொல்வதில் முக்கால்வாசி அந்த இரண்டிலும் பட்ட அடி.

முதலில் உங்கள் 9,000 சொல்லைப் பற்றி. அதைத் தோல்வி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சவால் 1999இல் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் விளையாட்டாகத் தொடங்கியது. அதை நடத்திவந்த அமைப்பு 2025இல் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டாலும், நவம்பர் வந்தால் எழுத உட்காரும் பழக்கம் பலரிடம் இன்னும் இருக்கிறது. நாளுக்கு 1,667 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. தமிழ் அப்படி எண்ணுகிற மொழி அல்ல. ‘போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல் வேண்டும். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துச் சில பக்கங்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தமிழில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் உங்கள் 9,000 அவர்களுடைய 13,000க்கு மேல் வரும். கணக்குப் பிரிவில் இருப்பவர், இதை நீங்களே போட்டுப் பார்த்திருக்கலாம்!

இப்போது மொத்தக் கணக்கு. நம் பதிப்பகங்கள் போடும் டெம்மி அளவில் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 220 சொல் நிற்கும். 160 பக்க நாவல் என்றால் சுமார் 35,000 சொல். ஒரு உட்காரலில் 250 சொல், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் 28 வாரம். ஜூனில் பள்ளி திறந்து வீடு ஓர் ஒழுங்குக்கு வந்தபிறகு தொடங்கினால், தீபாவளிக்கு ஒரு வாரம், பிள்ளைகளின் காய்ச்சலுக்கு இரண்டு வாரம் போனாலும் பொங்கலுக்குள் முதல் வரைவு கையில் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு ஏப்ரல் வரை அதைத் தொடவே வேண்டாம். பரீட்சைக் காலத்தில் எழுத முயன்று யாரும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

250 சொல் உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் இளையோர் புனைவு என்ற தனி வகைக்கே வழி திறந்துவிட்ட நாவல்களில் முக்கியமானது 1967இல் வந்த ‘தி அவுட்சைடர்ஸ்’. அதை எழுதிய எஸ்.ஈ. ஹின்டன் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரின் பள்ளி மாணவி. எழுதத் தொடங்கியபோது 15 வயது, புத்தகம் வெளிவந்தபோது 18. தன் வயதுப் பிள்ளைகளின் நிஜ வாழ்க்கையைச் சொல்ல ஒரு புத்தகமும் இல்லையே என்ற எரிச்சலில் எழுதியது. அதை எழுதிய வருடம் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் வாங்கிய மதிப்பெண் கிட்டத்தட்ட ஃபெயில். இதெல்லாம் பலர் சொல்லும் கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. புத்தகம் புகழ் பெற்றதும் அவருக்குக் கை ஓடவில்லை. வருடக்கணக்கில் ஒன்றும் எழுத முடியாமல் கிடந்தார். பின்னால் கணவரான நண்பர் ஒரு நிபந்தனை போட்டார்: நாளுக்கு இரண்டு பக்கம் எழுதினால்தான் சாயங்காலம் வெளியே போகலாம். அப்படி இரண்டிரண்டு பக்கமாகச் சேர்ந்து அடுத்த நாவல் 1971இல் வந்தது. ஒரு தலைமுறையே கொண்டாடிய எழுத்தாளருக்கு இரண்டு பக்கம் போதுமென்றால், டிபன் பாக்ஸ் மூன்று கட்டிவிட்டு ஆபீஸ் போகும் உங்களுக்கு ஒரு பக்கம் போதும்.

அந்த ஒரு பக்கத்துக்கு நேரம் எங்கே? எல்லாரும் விடிகாலை நாலரைக்கு எழுந்திருக்கச் சொல்வார்கள். அதற்கு நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலோப்பை உதாரணம் காட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் துறை அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதித் தள்ளியவர். எல்லாம் உண்மைதான். அவரை எழுப்பிக் காபி கொடுப்பதற்கென்று ஒரு பணியாளுக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம் கொடுத்தார் என்பதும் உண்மை. நம் வீட்டில் விடிகாலை யாருடையது? பால் பாக்கெட் எடுத்து, மோட்டார் போட்டு, குக்கர் வைப்பவருடையது. அந்த நேரத்தில் உட்கார்ந்தால் காது முழுக்க விசிலை எண்ணிக்கொண்டிருக்கும். நான் இரண்டு மாதம் முயன்றேன். எழுதியதில் ஒரு வரியும் தேறவில்லை, இரண்டு தடவை சாம்பார் அடிப்பிடித்தது.

ட்ரோலோப்பிடம் கற்க வேண்டியது வேறொன்று. அலுவலக வேலையாக ரயிலில் போகும்போதும் எழுதியவர் அவர். மடியில் வைத்து எழுதப் பலகை ஒன்று செய்துகொண்டு பென்சிலால் எழுதினார். மனைவி பிறகு படி எடுத்துக் கொடுத்தார். நேரத்தை வீட்டுக்குள் தேடாமல் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் தேடுங்கள். உங்கள் மகள் டியூஷன் போகிறாள் என்றால், கொண்டுபோய் விட்டபிறகு வாசலில் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் அந்த 40 நிமிடம் இருக்கிறதே, அது தங்கம். அந்த நேரத்தில் உங்களிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை, நீங்கள் அங்கே இருப்பதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து எழுதும் பெண்ணுக்கு அந்த நியாயம்தான் கிடைப்பதில்லை. கவிஞர் சல்மா துவரங்குறிச்சியில் குடும்பத்துக்குத் தெரியாமல் ராத்திரியில் குளியலறையில் எழுதினார். உங்கள் நிலைமை அப்படி இருக்காது. இருந்தாலும், நேரம் கிடைக்காததற்குப் பாதிக் காரணம் இடம் இல்லாததுதான்.

நேரம் கிடைத்த பிறகும் ஒரு திருடன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், அரைப் பக்கம்தான் வந்தது என்பார்கள். போன ஞாயிறு எங்கே விட்டோம், அந்தப் பையன் எதற்குக் கோபித்துக்கொண்டு போனான் என்று பழையதைப் படித்து, படிக்கும்போது இரண்டு வார்த்தையைத் திருத்தி, திருத்தப் போய் முதல் அத்தியாயம் வரை பின்னால் நடந்து, நேரம் முடிந்துவிடும். நான் ஒரு நாவலை இப்படித்தான் கொன்றேன். முதல் அத்தியாயம் 11 தடவை மாறியது. இரண்டாவது பிறக்கவே இல்லை.

இதற்கு மருந்து சுலபம். காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிட வேண்டும் என்று ஹெமிங்வே சொன்னதும் இதைத்தான். நான் அன்றைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுவேன். ‘மாரி கதவைத் தட்டப் போகிறான், அத்தை திறப்பாள், அவன் அம்மாவைக் கேட்பான்.’ அவ்வளவுதான். மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது அந்தத் தாள் கைப்பையில் இருக்கும். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுவிடும். நோட்டும் பேனாவும் இல்லையென்றால் வாட்ஸப்பில் உங்களுக்கே ஒரு செய்தி அனுப்பிக்கொள்ளுங்கள். குரல் தட்டச்சும் முயலலாம். வர்ணனைக்கு ஓரளவு ஒத்துழைக்கும். ‘ஏலே, என்னல சொல்லுத’ என்று ஒரு பையன் பேசினால் மட்டும் போன் திணறிப்போய் எதையோ எழுதிவைக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நீங்கள் கேட்டது நாவலுக்கு நேரம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று. நான் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்பேன்: இருக்கிற நேரத்துக்கு எந்த நாவல் பொருந்தும்? விரலுக்கேற்ற வீக்கம் என்பார்களே, அதுதான். மூன்று தலைமுறை, இரண்டு ஊர், ஒரு பஞ்சம், ஒரு தேர்தல் என்று விரியும் கதையை ஸ்கூட்டி மேல் உட்கார்ந்து எழுத முடியாது. இருபது பேரைத் தலையில் சுமந்துகொண்டு திரிய வேண்டும், அதற்கு நாள் முழுக்க வேண்டும். என் பரணில் தூங்கும் இரண்டாவது நாவல் அந்த ரகம்.

இளையோர் நாவல் அப்படி இல்லை. ஒரு பிள்ளை, ஓர் ஊர், பத்துப் பதினைந்து நாள் என்று ஒடுக்கினாலும் அது நாவலாக நிற்கும். அந்த வயதில் பத்து நாள் என்பதே பெரிய காலம் அல்லவா! சண்டை போட்ட தோழி மூன்று நாள் பேசாமல் இருந்தால் உலகம் முடிந்துவிட்டதாகத் தோன்றும் வயது. 40 அத்தியாயம், ஒவ்வொன்றும் 875 சொல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு உட்காரலில் ஓர் அத்தியாயம் முடியும். கதை முழுதும் தலையில் இருக்க வேண்டியதில்லை, இந்தக் காட்சி இருந்தால் போதும். சம்பவங்களை முன்கூட்டியே வரிசை போட்டு ஒரு நோட்டின் நடுப்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டால், ஒரு வாரம் விட்டுப்போனாலும் வழி தவறாது.

தமிழில் முன்மாதிரி இல்லையென்று எழுதியிருந்தீர்கள். புத்தகக் கடையில் இளையோர் புனைவு என்று தனி அலமாரி இல்லை என்பது சரி. சிறுவர் புத்தகத்திலிருந்து பிள்ளைகள் ஒரே தாவலாகப் பெரியவர்கள் வாசிப்பதற்குத் தாவிவிடுகிறார்கள், இல்லையென்றால் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பதின்வயதை நடுவில் வைத்த நாவல் இருக்கிறது. எங்கள் கரிசல் பக்கத்துப் பூமணி 1982இல் எழுதிய ‘வெக்கை’யை எடுங்கள். திரைப்படமாகப் பார்த்திருப்பீர்கள், 2019இல் ‘அசுரன்’ என்று வந்ததே. படத்தை மறந்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 15 வயது சிதம்பரம் ஓடிக்கொண்டிருப்பான். கொலை நடந்துவிட்டது. அதன்பிறகு அப்பனும் மகனும் ஊருக்கு வெளியே ஒளிந்து திரியும் சில நாட்கள், ஒரு வாரச் சொச்சம்தான் நாவல். பசி, தண்ணீர், தூக்கம், அம்மாவின் நினைப்பு, அப்பன் என்ன சொல்லப் போகிறாரோ என்ற எதிர்பார்ப்பு. எழுதியவர் கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர், முழுநேர எழுத்தாளர் அல்ல. இளையோர் நாவல் என்று அவர் நினைத்து எழுதவில்லை. ஆனாலும் அந்த வகையில் எழுத நினைக்கும் எவரும் படித்துப் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டுமானம் அது.

பிரித்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இளமையைப் பற்றிய தமிழ் நாவல்கள் பலவற்றில் கதை சொல்பவருக்கு 50 வயது இருக்கும். அவர் திரும்பிப் பார்க்கிறார். அந்த ஊர், அந்தக் குளம், அந்தப் பெண் என்று ஒரு பெருமூச்சு எல்லா வரியிலும் ஓடும். எனக்கும் பிடிக்கும். ஆனால் 14 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெருமூச்சு புரியாது. அவள் இன்னும் எதையும் இழக்கவில்லை, திரும்பிப் பார்க்க அவளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இளையோர் நாவலில் கதை சொல்லும் குரலுக்கு அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று தெரியக் கூடாது. சிதம்பரத்துக்குத் தெரியாது. ஹின்டன் நாவலில் வரும் பையனுக்கும் தெரியாது. உங்கள் 9,000 சொல்லை எடுத்து, ‘அப்போதெல்லாம்’, ‘அந்த நாட்களில்’ என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். வந்தால், அது மகளுக்கு எழுதியதாக இருக்காது. 14 வயதில் இருந்த உங்களுக்கு எழுதியது.

வாசிப்பை நிறுத்த வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். நிறுத்தினால் இந்தக் குரலைப் பிடிக்கும் காது அடைத்துவிடும். ஆனால் ராத்திரி பதினொன்றுக்குப் புது நாவல் ஒன்றைத் திறந்து ஒன்றரைக்கு மூடும் வாசிப்பு இருக்கிறதே, நீங்கள் சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன், அதை வரைவு முடியும்வரை சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். மறுநாளின் 250 சொல்லைத் தின்பது அந்தத் தூக்கக் குறைவுதான். வாரநாட்களில் ஏற்கெனவே வாசித்த நாவலிலிருந்து ஒரு காட்சி மட்டும், பஸ்ஸிலோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ. முடிவு தெரிந்த கதை என்பதால் அடுத்த பக்கம் உங்களை இழுக்காது, கீழே வைக்க முடியும். காட்சி தொடங்கி எத்தனை வரிக்குள் அந்தப் பிள்ளை வாய் திறக்கிறது, பெரியவர்களை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், அறிவுரையாக மாறக்கூடிய இடத்தில் எழுதியவர் எப்படி நழுவினார் என்று பென்சிலால் குறியுங்கள். பத்து நிமிடம் போதும். ஆறு மாதத்தில் அப்படி மூன்று நாவலைக் கரைத்துக் குடித்தால், முப்பது நாவலைப் படித்துக் கடந்ததைவிட அதிகம் ஒட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி எடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் வாசித்துவிட்டு எழுதினால் உங்கள் பாத்திரங்கள் தோளைக் குலுக்கிக்கொண்டும் கண்ணை உருட்டிக்கொண்டும் இருப்பார்கள். நம் பிள்ளைகள் சலித்துக்கொள்ளும்போது ‘ப்ச்’ என்று உச்சுக்கொட்டும், இல்லையென்றால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று இழுக்கும்.

இணையத்தில் தொடராகப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாரம் ஓர் அத்தியாயம் கேட்டு நாலு பேர் காத்திருந்தால் கை தானாக ஓடும், அந்த நன்மை நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலிருந்தே உண்டு. ஆனால் முதல் நாவலுக்கு நான் சொல்ல மாட்டேன். ‘அந்தப் பையனையும் இவளையும் சேர்த்து வையுங்கள்’ என்று ஐம்பது பேர் எழுதினால் தாங்குவதற்கு ஒரு தடித்தனம் வேண்டும். எனக்கு இருந்ததில்லை.

மகள் விஷயம். அவளிடம் காட்டாதீர்கள் என்று சொன்னதற்கு இரண்டு காரணம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மா எழுதியதைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தயக்கம் இருக்கும், நன்றாக இருக்கிறதும்மா என்பாள். நீங்கள் அதை நம்பிவிடுவீர்கள். இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. என் அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தில் தனக்கு நடந்த ஒன்றை என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். பெயரை மாற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் அதை அப்படியே ஓர் அத்தியாயமாக எழுதிவிட்டேன். வரைவைப் படித்தவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ‘அத்தை கேட்கிறாள் என்றுதான் சொன்னேன், நீ எழுதுவாய் என்று தெரியாது’ என்றாள் பிறகு ஒருநாள். அந்த அத்தியாயம் இப்போது புத்தகத்தில் இல்லை. மகளும் அவள் தோழிகளும் பேசுவதிலிருந்து வார்த்தைகளையும் இழுப்பையும் எடுங்கள், சம்பவத்தை எடுப்பதாக இருந்தால் அவளைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

வரைவு முடிந்ததும் உங்களோடு அதிகம் பழகாத மூன்று பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். ஆபீஸ் தோழியின் மகன், எதிர் வீட்டுக்காரரின் பேத்தி, யாராவது. 13லிருந்து 16 வயதுக்குள் இருந்தால் நல்லது. அச்செடுத்துக் கொடுங்கள், போனில் அனுப்பாதீர்கள். பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாய் என்று மட்டும் கேளுங்கள், அதற்கு அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். என் வரைவில் இரண்டு பிள்ளைகள் 41ஆம் பக்கம் என்றார்கள். மாரியின் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்த கதை அங்கே தொடங்கி 58 வரை ஓடியது, நான் ரசித்து ரசித்து எழுதியது. அத்தனை பக்கத்தையும் எடுத்துவிட்டேன். மூன்றாவது பிள்ளைக்கு எடுத்தபிறகுதான் கொடுத்தேன், தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று அவன் கேட்கவே இல்லை.